உங்களுக்கு இல்லாத நாற்காலியா!

முடிதிருத்தும் கடைக்காரருக்கு எப்போதும் தலைக்கு மேல் வேலை. நாள் முழுக்க ஊரையே உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கிறவர். வீட்டுக்கு வந்து கூடத்துச் சாய்வு நாற்காலியில் விழுந்தால்தான் கால் தன்னுடையது என்று நம்புவார். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் பற்றிக்கொண்டு வரும்.

"போன தடவை எங்க அண்ணன் வந்தப்ப, 'உட்காருங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றாள் மனைவி, நாவலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பாரசீகக் கதையைப் பாருங்க. வந்தவங்க எதைப் புகழ்ந்தாலும் 'உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கங்க'ங்கிறாங்க. 'தாரோஃப்'னு பேராம். அது மரியாதை!"

"ஏமாளித்தனம்!" என்று சீறினார். "அப்புறம் வீட்டுல என்ன மிஞ்சும்?"

"எல்லாம் மிஞ்சும். வந்தவங்க வேணாம்னு சொல்லிடுவாங்க. அதுவும் மரியாதை."

அவள் குளிக்கப் போனதும் நாவலைப் புரட்டினார். வியாபாரி கம்பளத்தைக் கொடுக்கிறார், விருந்தாளி மறுக்கிறார். மறுபடி கொடுக்கிறார், மறுபடி மறுக்கிறார். அடடா! கைப்பொருள் கரையாமல் கர்ணனாக ஒரு வழி! அதற்கு மேல் படிக்கப் பொறுமையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நாற்காலிக் கையைத் தடவி, "அருமையா இருக்கே மாப்ளே!" என்றார்.

"உங்களுக்கு இல்லாததா மச்சான்? எடுத்துட்டுப் போங்க."

"சேச்சே, வேணாம்."

"அட, எடுத்துக்கங்க!"

"ஐயோ, வேணவே வேணாம்."

சமையலறை வாசலில் நின்ற மனைவியைக் கர்வத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை உயர்த்தினார். "நீங்க எடுத்துக்கிட்டாத்தான் மச்சான் எனக்கு நிம்மதி!"

"இவ்வளவு சொன்னப்புறம் மறுத்தா உங்களை அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும் மாப்ளே," என்று மச்சான் நாற்காலியைத் தூக்கினார்.

"என்ன அநியாயம்! மறுக்கணும்ல?"

"ரெண்டு தடவை மறுத்தாச்சே," என்றாள் மனைவி. "மூணாவது தடவையும் சொன்னா மனசாரத்தான் சொல்றாங்கன்னு அர்த்தம். அடுத்த பக்கத்துலேயே இருக்கு. எனக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்ததே அண்ணன்தான்!"

பகல் கொள்ளை! பாரசீகக் கொள்ளை! என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே, நாற்காலி இடிபடாமல் வெளியே போகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான்.

மச்சானின் வண்டி கிளம்பியது. கூடத்தில் கால் கடுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மனைவி ஆவி பறக்கும் காபியோடு வந்தாள்.

"காபி குடிக்கிறீங்களா?"

"ஒரு மண்ணும் வேணாம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த உபசரிப்புக்காகக் காத்திருந்தார்.

அவள் ரசித்துக் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.