முப்பது நாள் மேடம்

கனகலட்சுமி டிபன் பாக்ஸைத் திறந்ததுதான் தாமதம், சாப்பாட்டு மேஜையில் இருந்த நாலு பேரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். ஒரு தட்டில் பாதி இட்லி அப்படியே கிடந்தது.

குழம்பு ஊசிப்போய்விட்டதோ என்று மோந்து பார்த்தாள். நல்ல புளிக்குழம்புதான். அப்படியென்றால் ஊசிப்போனது தான்தான் என்று முடிவுக்கு வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கும் இந்தச் சென்னை ஆடிட்டர் கம்பெனியின் கிளை ஆபீஸுக்கு அவள் பயிற்சிக்கு வர ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பி.காம். கடைசி வருஷம். முப்பது நாள் பயிற்சிக்குக் காலேஜில் நூறு மார்க். அதில் நாற்பது, சக ஊழியர்களோடு பழகும் விதத்துக்கு. மேனேஜர் சம்பத்குமார்தான் போட வேண்டும். பழகுவதற்கு ஒரு ஆளாவது பக்கத்தில் உட்கார்ந்தால்தானே?

மார்க்கைக்கூட விடுங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பாள்? அன்றைக்கு அவளிடம் தானாக வந்து பேசியவர் பஸ் கண்டக்டர் ஒருவர்தான். அவரும் சொன்னது, "உள்ள தள்ளி நில்லும்மா."

இத்தனைக்கும் முதல் நாள் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. அம்மாவின் கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை, கையில் ஃபைல், ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் ஆஜர். காலேஜ் கடிதத்தை நீட்டினாள். சம்பத்குமார் அதைத் தொடக்கூட இல்லை.

"எல்லாம் தெரியும் மேடம். லெட்டர் உங்ககிட்டயே இருக்கட்டும். உக்காருங்க."

இருபது வயசுப் பெண்ணை மேடம் என்றால் அது கேலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதே நாள் அரை மணி நேரம் பிந்தி, ரப்பர் செருப்போடு வந்து சேர்ந்தான் ராம்குமார். தளவாய்புரத்துக்காரன், ஊதினால் பறக்கும் உடம்பு. அவனும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் சாயங்காலத்துக்குள் ஆபீஸே அவன் தோளில் கை போட்டுவிட்டது.

"ஏலே ராம்குமாரு, இதை ஜெராக்ஸ் எடுத்துட்டு வா."

"ஏலே, இந்த முட்டையத் தின்னு. உடம்பு தேறட்டும்." இது அனுசியா. ஆபீஸில் பத்து வருஷ சர்வீஸ்.

கனகலட்சுமிக்கு வயிறு எரிந்தது. அவன் திட்டு வாங்கினால்கூடப் பொறாமையாக இருந்தது. திட்டுவதற்காவது ஒருவர் வேண்டுமே.

மறுநாள் ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை வேண்டாம் என்பவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? அனுசியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். நாங்க யாருகிட்டயும் எதுவும் வாங்குறதில்ல. சத்தியமா."

சம்பத்குமார் பெட்டியை வாங்கி, தேதியையும் எடையையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார். விள்ளல் எடுக்கப்போன ராம்குமாருக்குக் கையில் ஒரு அடி விழுந்தது.

சரி, வேலை கேட்டால் பேச்சு தானாக வரும் என்று அனுசியாவின் மேஜையருகே போய் நின்றாள்.

"அக்கா, என்ன செய்யுதீங்க? எனக்கும் சொல்லித்தாங்களேன்."

அனுசியாவின் முகம் வெளுத்தது. "போன மாசம் ரெண்டு ஃபைல் லேட்டாப் போச்சு மேடம். பிள்ளைக்குக் காய்ச்சல். இனிமே நடக்காது."

"அத ஏங்க்கா எங்கிட்ட சொல்லுதீங்க?"

"நானே சொல்லிட்டேன்ல மேடம். மறைக்கலையே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள் ரெண்டு நாள் லீவு போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கனகலட்சுமி நடந்தாலே நாற்காலிகளில் முதுகுகள் நிமிர்ந்தன.

அன்றன்று நடந்ததை நோட்டில் எழுத வேண்டும் என்பது காலேஜ் உத்தரவு. அவள் பேனா மூடியைத் திறந்தால் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அவள் எழுதியதெல்லாம் ஒரே வரிதான்: 'இன்றும் யாரும் பேசவில்லை.'

பொறுக்க முடியாமல் சம்பத்குமாரிடமே போனாள்.

"சார், அந்த இடம் எனக்குச் சரிப்பட்டு வரல. ஒரு மாதிரியா இருக்கு."

"செத்த நேரம் பொறுங்க மேடம்!"

கால் மணி நேரத்தில் தன் ஏ.சி. ரூமை அவளுக்குக் காலி செய்து கொடுத்துவிட்டு, அவர் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

இப்போது நடுவில் கதவும் வந்துவிட்டது. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, மற்றவர்கள் சிரிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்காது. சாயங்காலம் படி இறங்கும்போது கீழ் வீட்டு நாய் குரைக்கும். ஒருநாள் நின்று, "நல்லா இருக்கியா?" என்று அதனிடம் கேட்டேவிட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதாள்.

ஒரே ஒரு முறை ராம்குமார் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான்.

"சாப்ட்டீங்களா?"

அவள் வாயெடுப்பதற்குள் வெளியிலிருந்து அனுசியாவின் குரல். "ஏலே, கிறுக்கா உனக்கு? அங்க என்ன பேச்சு? இங்கிட்டு வா!"

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே மூன்று நாளை ஓட்டினாள்.

முப்பதாவது நாள் வந்தது. ரோஜா மாலை, சால்வை, கேசரி, வடை. பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு மாலை போடுவது எந்த ஊர் வழக்கம்? விட்டது சனியன் என்று கொண்டாடுகிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது.

சம்பத்குமார் கும்பிட்டார். "குத்தம் குறை இருந்தா மனசுல வச்சுக்காதீங்க மேடம். எங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுங்க."

"நான் என்ன சார் எழுத? நீங்கதான எனக்கு மார்க் போடணும்?" என்று காலேஜ் ஃபாரத்தை நீட்டினாள்.

அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"நீங்க... நீ காலேஜ் பிள்ளையா?"

"ஆமா சார். முதல் நாளே லெட்டர் நீட்டுனேனே."

"அப்ப, யாருன்னு காட்டிக்காம ஒருத்தர் வந்து ஒரு மாசம் நம்மளக் கவனிப்பார்னு சென்னை ஹெட் ஆபீஸ்ல சொன்னாங்களே, அது யாரு?"

எல்லாருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்த ராம்குமார் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ரிப்போர்ட்ட நேத்தே அனுப்பிட்டேன் சார். 'படிக்க வந்த பிள்ளைகிட்ட ஒரு மாசமா ஒருத்தரும் பேசல'ங்கிறதுதான் அதுல முதல் வரி."