மூலை சாரும் ஆறு வட்டங்களும்

பெங்களூரில் எத்தனையோ பெரிய பாறைகளை வெடி வைத்து நகர்த்திவிட்டார்கள். பாறை இருந்த இடத்தில் இன்று பங்களா இருக்கிறது, பேக்கரி இருக்கிறது. ஆனால் எங்கள் மூலை சாரை ஓரடி நகர்த்தக்கூடிய வெடியை மட்டும் யாரும் செய்யவில்லை.

அப்போது நான் பல்கலைக்கழக மைதானத்தில் வேலை பார்த்தேன். காலையில் நீலசந்திராவிலிருந்து நடந்து வருவேன். வாலிபால் ஆடுகளத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போடுவேன், வலை கட்டுவேன், சாயங்காலம் அவிழ்த்துச் சுருட்டி வைப்பேன். அதனால் என்னை எல்லோரும் "சுண்ணாம்பு" என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் எனக்கே சில நாள் மறந்து போகும்.

மாணவர்களும் ஆபீஸ்காரர்களும் சேர்ந்து ஆடிய கிளப் எங்களுடையது. சுதந்திரம் வந்த சமயத்தில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த அன்றைக்கே, பல்கலைக்கழக ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த ஒருவர் பின்வரிசையில் இடது மூலையில் போய் நின்றார். அதோடு சரி. கேப்டன்கள் வந்தார்கள், போனார்கள். அவர் மட்டும் அங்கேயே நின்றார். அவருக்கு மூலை சார் என்று பெயர் வந்தது. கன்னடத்திலும் மூலை மூலைதான் என்பதால் அந்தப் பெயர் யாருக்கும் சிரமம் தரவில்லை.

அப்போதெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுவார்கள். அவரவருக்கு ஓர் இடம், ஆட்டம் முடியும்வரை அதே இடம். மூலை சாரின் மூலையில் விழ வந்த பந்து தரையைத் தொட்டதே கிடையாது. ஆனால் அதே பந்து இரண்டடி தள்ளி விழுந்தால், அடுத்த தெருவில் போகும் ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் கைகட்டிப் பார்ப்பார்.

"சார், கிட்டத்துலதானே விழுந்துச்சு, எடுக்கலாம்ல?" என்றால், "அது அவன் இடம்பா. நான் எப்படித் தலையிடறது?" என்பார்.

அந்த இடம் எது என்று அவருக்குச் சந்தேகமே வரக்கூடாது. அதற்காக நான் தினமும் கேன்டீன் டபரா ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவி, மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுத் தரவேண்டும். அதில் வந்து நின்ற பிறகுதான் செருப்பைக் கழற்றி வெளியே வீசுவார்.

ஆபீஸில் வெள்ளையடிக்க மேஜைகளை எல்லாம் வராந்தாவுக்கு மாற்றினார்கள். மூலை சார் வராந்தாவுக்குப் போகவில்லை. காலி அறையில், தன் மேஜை இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு, டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தட்டினார். வெள்ளையடிப்பவர்கள் அவரைச் சுற்றி அடித்தார்கள். வீட்டுக்குப் போகும்போது பாதி மனிதர் வெள்ளையாக இருந்தார்.

சிவாஜிநகர் பஸ்ஸில் அவருக்கு இடது பக்கம் மூன்றாவது சீட். ஒரு நாள் அதில் கோழிக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் பாதி காலி. சார் அந்த அம்மா பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார்.

"சார், மல்லேஸ்வரம் தாண்டிப் போச்சே, எறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"இந்தம்மா மொதல்ல எறங்கட்டும்பா. நான் ஒரு தடவ உக்காந்துட்டு எறங்கிக்கறேன்."

கிளப் போட்டோக்களிலும் அவர் எப்போதும் இடது ஓரம்தான். ஒரு வருஷம், மூத்த ஆட்டக்காரர் என்று போட்டோக்காரர் அவரை நடுவில் உட்காரவைத்தார். சரியாக பட்டனை அமுக்கும் நேரத்தில் சார் எழுந்து ஓரத்துக்கு ஓடினார். படத்தில் நடுவில் ஒரு காலி நாற்காலியும், இடது ஓரத்தில் அரைத் தோளும் விழுந்தன. யாரோ இறந்துபோன ஆட்டக்காரருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

"கல்யாணத்துல அக்கினியை எப்படி சார் சுத்தி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டம்மா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாப்பா" என்றார், இன்னும் வருத்தம் தீராதவராக.

இப்படிப்பட்டவர் தலையில்தான் புது விதி வந்து விழுந்தது. இனிமேல் பக்கத்துக்கு ஆறு பேர்தான். அதுமட்டும் இல்லை, சர்வீஸ் நம் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகார முள் போல ஓர் இடம் நகர வேண்டும்.

அப்போதைய கேப்டன் பசவராஜ், கன்னடப் பையன். மண்ணில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினான். மூலை சார் முகம் சுருங்கிவிட்டது.

"என்னை எதுக்குப்பா மாத்தற? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல சார், ரூல்."

"டிரான்ஸ்பர்னா ஆர்டர் வேணுமே. ஆர்டர் எங்க?"

கடைசியில் ஆர்டரை அவரே டைப் அடித்தார். பசவராஜிடம் கையெழுத்து வாங்கி பைலில் சேர்த்தார். பிறகு வந்து தன் வட்டத்தில் நின்றுகொண்டார்.

பயிற்சி கேலிக்கூத்தாகிப் போனது. எல்லோரும் நகர்வார்கள், சார் நகரமாட்டார். மூலையில் இரண்டு பேர் இடித்துக்கொள்வார்கள், வலைக்குப் பக்கத்தில் ஈ காக்கா இருக்காது. "ஹோகி சார், ஹோகி!" என்று பசவராஜ் கன்னடத்தில் கெஞ்சுவான். சார் போகமாட்டார். சனிக்கிழமை ஒரு தொழிற்சாலை டீமோடு கோப்பைக்கான கடைசி ஆட்டம். வியாழக்கிழமை பசவராஜ் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டான்: "நாளைக்குள்ள நீங்க சுத்தலேன்னா, வெளிய உக்கார வெக்கறதத் தவிர வேற வழியில்ல சார்."

எல்லோரும் போனபிறகு நான் வலையைச் சுருட்டினேன். சார் வட்டத்திலேயே நின்றிருந்தார்.

"சுண்ணாம்பு, வெளிய உக்கார்றவங்களுக்கும் இன்ன எடம்னு ஒண்ணு உண்டா?"



மறுநாள் காலை டபராவை எடுத்தேன். ஆறு இடத்திலும் ஆறு வட்டம் போட்டேன். செட்டுக்குச் செட் பக்கம் மாறுவார்களே என்று எதிர்ப்பக்கத்திலும் ஆறு.

சாயங்காலம் சார் வந்து ஒவ்வொன்றாக ஏறி நின்று பார்த்தார்.

"இதுவும் நம்ம எடம்தானா?"

"ஆமா சார்."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து சார்."

அன்றைக்கு மூலை சார் சுற்றினார். பசவராஜ் என்னைக் கட்டிப்பிடித்து, சட்டையெல்லாம் சுண்ணாம்பாக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை கூட்டமான கூட்டம். ரெஃப்ரி ஆடுகளத்தைப் பார்த்து இடுப்பில் கைவைத்தார். "இதென்ன கிரவுண்டா, இட்லித் தட்டா? எல்லாத்தையும் அழி!"

சாக்கைப் போட்டுத் தேய்த்துப் பன்னிரண்டையும் அழித்தேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் தன் பழைய மூலையில் நிற்க, ஆட்டம் தொடங்கியது. எதிராளியிடமிருந்து சர்வீஸ் முதல் தடவையாக எங்கள் கைக்கு வந்தது. எல்லோரும் நகர்ந்தார்கள். சார் தரையைப் பார்த்தார், வட்டம் இல்லை. கால் எழவில்லை. விசில் ஊதி, வந்த சர்வீஸ் கையைவிட்டுப் போனது. பசவராஜ் வெளியே இருந்த மாற்று ஆட்டக்காரனைத் திரும்பிப் பார்த்தான்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். அன்றைக்கு எப்படித்தான் தைரியம் வந்ததோ. டபராவை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே ஓடினேன். வலைப் பக்கத்து இடத்துக்கு நேராகத் தரையில் கவிழ்த்து வைத்து, "சார், இங்க!" என்று கத்தினேன். சார் டபராவைப் பார்த்தார், வந்து நின்றார்.

பிறகு ஆட்டம் முழுக்க நானும் சுற்றினேன். அவர் நகரும்போதெல்லாம் நான் வெளியே டபராவோடு ஓடுவேன். வலையோரத்து நடு இடத்துக்கு மட்டும், கம்பத்தடியில் நின்று கையை நீட்டிக் காட்டுவேன். கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"யாருப்பா நீ?" என்றார் ரெஃப்ரி.

"கோடு போடறவன் சார்."

"மேட்ச் நடக்கறப்ப என்ன கோடு?"

"அழிஞ்சா போடணுமே சார்."

கடைசி செட்டில் நாங்கள் பதினாலு, அவர்கள் பன்னிரண்டு. ஜெயிக்க இன்னும் ஒரு பாயிண்ட் வேண்டும். சர்வீஸ் எங்களுடையது. சார் வலதுபக்கம் வலையோரத்தில், தன் பழைய மூலைக்கு நேர் எதிர்க்கோடியில் நின்றார். எதிராளி ஓங்கி அடித்த பந்து அந்தப் பழைய மூலைக்கே போனது. சாரின் கால் எழுந்துவிட்டது. நான் டபராவால் பக்கத்தில் இருந்த சுண்ணாம்பு பக்கெட்டை ஓங்கித் தட்டினேன். "சார், இங்க!"

கால் இறங்கியது. மூலையில் நின்ற மாணவன் பந்தைத் தூக்கிவிட்டான். அது மிதந்து நேராகச் சார் தலைக்கு மேல் வந்தது. சாருக்கு அடிக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஏதோ அலமாரி மேல் பைல் வைப்பதுபோல் இரண்டு கையாலும் தள்ளினார். பந்து வலையைத் தாண்டி, எதிராளியின் பின்பக்க இடது மூலையில் மெதுவாக விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

"மூலையை யாரும் பாத்துக்கலேன்னா இப்படித்தான்" என்று சார் அவர்களுக்காக வருத்தப்பட்டார்.

போட்டோவுக்கு எல்லோரும் நின்றோம். நின்றோம் என்றா சொன்னேன்? அவர்கள் நின்றார்கள். நான் பக்கெட்டோடு மரத்தடியில் ஒதுங்கியிருந்தேன். இடது ஓரத்தில் நின்றிருந்த மூலை சார் கையை ஆட்டினார்.

"ஏய் சுண்ணாம்பு, வா. வந்து இங்க நில்லு."

"அது உங்க எடம் சார்."

"தெரியும்பா. வந்து நில்லு."

கிளப் அறைச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. இடது ஓரத்தில் டபராவோடு விழிப்பவன் நான். பக்கத்தில் சார் நிற்கிறார். அன்றைக்கு யாரும் விதி சொல்லவில்லை, யாரும் ஆர்டர் போடவில்லை. அவராகவே ஓர் இடம் தள்ளி நின்றார்.