சகலை இல்லாத நாலு நாள்

இந்த வருஷம் நான் ஒரு சபதம் எடுத்தேன். லீவு எடுத்தால் சகலை இல்லாமல் எடுப்பது. இல்லாவிட்டால் எடுப்பதே இல்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். நல்ல மனுஷர். தங்கமானவர். ஆனால் பல் டாக்டர். நான் சிரித்தால் கூடச் சிரிக்க மாட்டார். குனிந்து என் வாய்க்குள் பார்ப்பார். ஒரு தடவை பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் யாரோ ஜோக் சொல்ல, நான் வாய்விட்டுச் சிரித்தேன். மனுஷர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்துவிட்டார். "மேல் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. சகலை, அதை விட்டு வைக்காதீங்க" என்றார். பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் 'உம்' என்பதற்கு மேல் வாயைத் திறந்ததில்லை.

அந்தப் பல் எனக்கு வலிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசாக ஒரு துடிப்பு. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் காது வரைக்கும் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். வலது பக்கமாக மென்றால் ஒன்றும் தெரியாது. பின்னே ஆண்டவன் எதற்கு வாயில் இரண்டு பக்கம் வைத்தான்?

நான் தையல்காரன். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, இதுதான் கடை. பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் தைத்துக் கொடுத்து முடித்த பிறகு, வருஷத்தில் நாலே நாலு நாள்தான் கடையைப் பூட்ட முடியும். போன மூன்று வருஷமும் அந்த நாலு நாள் சகலையோடு போனது. இந்த வருஷம் கடற்கரை ரிசார்ட் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்த அறை. பால்கனியில் இரண்டு நாற்காலி. இரண்டே இரண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக நானும் என் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டன் கட்டியிருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததே கிடையாது.

"இது ரகசியம். உங்க அக்காகிட்ட மூச்சு விடக்கூடாது" என்றேன்.

"நானா சொல்ல மாட்டேன்" என்றாள்.

"சத்தியமா?"

"நானா சொல்ல மாட்டேன்னு சொல்றேன்ல?"

இந்த 'நானா' என்ற வார்த்தையை நான் கவனித்திருக்க வேண்டும். கால் இஞ்ச் துணி கோணலாகப் போனால் கண்டுபிடிக்கிறவன், அதைக் கோட்டைவிட்டேன்.

அதோடு விட்டேனா? வெளியூரில் இருக்கும் சகலைக்கு நானே போன் போட்டேன். "சகலை, நாங்க இந்த வருஷம் மலைக்குப் போறோம். சரியான குளிர். உங்களுக்கு ஒத்துக்காது" என்றேன்.

"அடடா, மலைக்கா! போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று குதூகலித்தார். "எனக்கும் இந்த வருஷம் கிளினிக்கில் கூட்டம் நெரியுது. ஒரு நாள்கூட அசைய முடியாது."

ஒரு மனுஷன், தன் கிளினிக்கில் கூட்டம் நெரிவதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதாவது யோசித்தேனா? இல்லை.

ஏர்போர்ட்டிலிருந்து ரிசார்ட்டுக்கு ஒன்றரை மணி நேர வழி. தனிக்கார் வைக்கலாம் என்றாள் மனைவி.

"கூடவே கூடாது. கார்க்காரன் என் பேரைக் கொட்டை எழுத்தில் அட்டையில எழுதி, வாசலில் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். தெரிஞ்சவங்க நாலு பேர் பார்த்தா? ஷேர் வேன்தான் நமக்குச் சரி. அதில் பேரே கிடையாது, சீட்டு நம்பர்தான். ஒன்பது பேர், ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஷேர் வேனைப் போல ஒரு நல்ல கண்டுபிடிப்பு உலகத்தில் இல்லை."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். என் மனைவி இந்த வாக்கியத்தைப் பதினெட்டு வருஷத்தில் மூன்று தடவைதான் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் எனக்கு ஆபத்து வந்திருக்கிறது.

வேனுக்கும் ரூமுக்கும் பதிவு செய்யும் வேலையையும் அவளிடமே விட்டேன். என் குரலை யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிட்டால்?

ஏர்போர்ட்டில் இறங்கியதும் அகலத் தொப்பியை மாட்டினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வேன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றது. ஒன்பது சீட்டும் நிறைந்தால்தான் கிளம்பும் என்றார் டிரைவர். வழியில் மூன்று இடத்தில் நிற்குமாம். நாங்கள் இறங்க வேண்டியது கடைசி இடம்.

"நீங்க கடைசி வரிசைக்குப் போயிடுங்க" என்றாள் மனைவி காதோடு காதாக. "முன்னால உட்கார்ந்தா ரோட்டில போற வர்றவங்க பார்ப்பாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் ரகசியத்தின் மேல் எவ்வளவு அக்கறை!

அவள் முன் வரிசையில், முக்காடு போட்ட ஒரு பெண்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் போனேன். ஜன்னலோரம் ஏற்கெனவே ஒருவர். தொப்பி, மூக்கு வரை முகக்கவசம், எங்கள் பக்கமே திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு புது ஜோடி. ஒரு அம்மாவும் இரண்டு பெண்களும் ஓடி வந்து ஏறினார்கள். ஒன்பது ஆயிற்று. வேன் கிளம்பியது.

நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. ஆனால் பாருங்கள், தொழில் பழக்கம் பொல்லாதது. பக்கத்து ஆளின் சட்டை என் கண்ணை உறுத்தியது. தோள்பட்டைத் தையல் முக்கால் இஞ்ச் கீழே தொங்கியது. அந்தச் சட்டையை வெட்டினவன் மனுஷனைப் பார்த்து வெட்டவில்லை, வீட்டு அலமாரியைப் பார்த்து வெட்டியிருக்கிறான். பார்க்காமல் இருக்கலாம் என்று முன்னால் பார்த்தேன். முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலிலும் அந்தத் தோள்தான் தெரிந்தது. இப்படியே பத்து நிமிஷம் போராடியதில் களைத்துப்போய்க் கொட்டாவி வந்துவிட்டது. வந்த கொட்டாவியைக் கஞ்சத்தனம் இல்லாமல் முழுசாக விட்டேன்.

சத்தம் கேட்டு ஜன்னலோரத்து ஆள் திரும்பினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல், தன்னை அறியாமல் முணுமுணுத்தது.

"மேல் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது..."

அதே விநாடி என் கை, அதுவும் தன்னை அறியாமல், அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "முக்கால் இஞ்ச் இறங்கியிருக்கு..."

அவர் முகக்கவசத்தை இறக்கினார். நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"சகலை!"

"சகலை!"

"நீங்க மலைக்குல்ல போனீங்க?" என்றார்.

"நீங்க கிளினிக்கில்ல அசைய முடியாம இருந்தீங்க?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நீங்க மலைக்குப் போறீங்கன்னு சொன்னதாலதான் நான் கடலுக்கு வந்தேன்" என்றார்.

"ஏன்? என்கிட்டயிருந்து எதுக்கு ஓடணும்?"

"எதுக்கா? என்னை எங்க பார்த்தாலும் தோளைப் பிடிச்சு இழுக்கறீங்க. காலரைத் திருப்பிப் பார்க்கறீங்க. போன தடவை மந்திரிகூட நின்னு போட்டோ எடுக்கும்போது பின்னால வந்து என் சட்டையில ஊசி குத்தினீங்க. உங்க முன்னாடி நான் புதுச் சட்டை போட்டு மூணு வருஷம் ஆகுது சகலை!"

நானா? நான் ஒரு வார்த்தை யாரையும் நோகச் சொல்லாதவன். சட்டையைத்தான் சொல்வேன்.

அவமானம் கொஞ்சம் தணிந்ததும் சகலை என் பக்கம் சாய்ந்தார். "போனது போகட்டும். பொம்பளைங்களுக்கு இது தெரியக்கூடாது. தெரிஞ்சா நாலு நாளும் ஒண்ணாச் சுத்தலாம்னு உட்கார்ந்திடுவாங்க. உங்க வீட்டில எங்க?"

"முன் வரிசை. உங்க வீட்டில?"

"முன் வரிசை."

நாங்கள் இருவரும் மெதுவாகக் கழுத்தை நீட்டினோம். முன் வரிசையில் முக்காடு நழுவிக் கிடந்தது. அக்காவும் தங்கையும் ஒரே வறுகடலைப் பொட்டலத்தில் கைவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, மலையில குளிர் எப்படி?" என்று திரும்பாமலே கேட்டாள் அக்கா.

"நீ சத்தியம் பண்ணினியே!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"நானாச் சொல்ல மாட்டேன்னேன். நானாச் சொன்னேனா? அக்கா கேட்டா. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அவரு கடலுக்கு வர்றது உனக்குத் தெரியும்ல? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டீங்களா?"

புது ஜோடியில் அந்தப் பையன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். தன் எதிர்காலத்தைப் பார்த்தவன் போல முகம் வெளுத்துத் திரும்பிக்கொண்டான்.

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. கடற்கரை பெரியது. ரிசார்ட்டுகள் பல. அவர் வேறு இடத்தில் இறங்கலாம்.

முதல் இடத்தில் வேன் நின்றது. நான் சகலையைப் பார்த்தேன். சகலை என்னைப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே பிரார்த்தனை. புது ஜோடி இறங்கிப் போனது.

இரண்டாவது இடம். "நல்ல இடமாத் தெரியுது சகலை, இறங்கலையா?" என்றேன்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா நீங்க இறங்குங்களேன்" என்றார்.

அம்மாவும் பெண்களும் இறங்கினார்கள். டிரைவர் கதவைச் சாத்தினார். ஒன்பது சீட்டு வேனில் நாங்கள் நாலு பேர். என் சபதம் அங்கேயே செத்தது.

ரிசார்ட் வரவேற்பு மேஜையில் என் மனைவி இரண்டு சாவி வாங்கினாள். ஒன்றைத் தன் அக்காவிடம் கொடுத்தாள். சரி, பக்கத்து அறைதானே, கதவைச் சாத்திக்கொண்டால் தீர்ந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இன்னொரு சாவியை என் மனைவி என்னிடம் நீட்டவில்லை. சகலையிடம் நீட்டினாள்.

"அத்தான், உங்க ரெண்டு பேருக்கும் இந்த ரூம். துணி வெளுக்கிற கொட்டகை பக்கம். காத்து நல்லா வரும். எனக்கும் அக்காவுக்கும் கடல் பக்கம்."

"அது நம்ம ரூம்!" என்றேன். "ரெண்டு நாற்காலி..."

"ஆமாங்க, ரெண்டே நாற்காலிதான் இருக்கு" என்றாள். "நாங்க ரெண்டு பேர். சரியா இருக்கும்."

கொட்டகை பக்கத்து அறையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நூறு படுக்கை விரிப்புகள் காற்றில் படபடத்தன. அதற்கு அப்பால் கடல் இருக்கிறது என்று சொன்னார்கள். நம்பினோம். சகலை ஒரு கட்டிலில் உட்கார்ந்தார். நான் ஒரு கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பதினெட்டு வருஷத்தில் நான் ஆசைப்பட்டது ஒரு நாற்காலிக்கு.

"அவங்க எதுக்கு நம்மை இப்படிச் சேர்த்து வச்சாங்க?" என்றார் சகலை.

பதில் அவர் பெட்டியிலேயே இருந்தது. திறந்தார். மேலாக ஒரு கறுப்புத் தோல் பை. "இது என் கிளினிக் பையாச்சே! நான் எடுத்து வைக்கலையே" என்றார். உள்ளே கண்ணாடி, கொக்கி, பஞ்சு, எல்லாம் துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. அதன் அடியில் அவருடைய சட்டைகள். ஏழு. ஏழும் தோள் இறங்கிய சட்டைகள். புரியாமல் என் பெட்டியைத் திறந்தேன். என் துணிகளுக்கு மேலே இஞ்ச் டேப், கத்தரி, சாக்குக்கட்டி, நூல்கண்டு.

கதவில் தட்டு. அக்காவும் தங்கையும் உள்ளே வந்தார்கள்.

"மூணு வருஷமா இவரு கோணிப்பை மாதிரி சட்டை போட்டுக்கிட்டு என் மானத்தை வாங்கறார். உங்களைப் பார்த்தாலே ஒளிஞ்சுக்கறார்" என்றாள் அக்கா. "நாலு நாளில் ஏழும் சரியாகிடணும் தம்பி."

"இவரும் மூணு வருஷமா ஒரு பக்கமா மென்னுக்கிட்டிருக்கார் அத்தான்" என்றாள் என் மனைவி. "தூக்கத்தில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறார். கேட்டா வலிக்கலைங்கறார். பார்க்க எனக்கு வலிக்குது." கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அதுதான் என்னைக் கவிழ்த்தது. இல்லாவிட்டால் ஜன்னல் வழியாகக் குதித்து விரிப்புகளுக்குள் ஓடியிருப்பேன்.

"வாயைத் திறங்க" என்றார் சகலை.

திறந்தேன். டார்ச் அடித்தார். குத்தினார், சுரண்டினார். உத்தரத்தில் நட்சத்திரம் தெரிந்தது. "இப்போதைக்கு மருந்து வச்சு அடைக்கறேன். ஊருக்குப் போனதும் முறையாப் பார்த்துடலாம்" என்றார். பஞ்சை உருட்டி உருட்டித் திணித்தார். "ஒரு மணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது. அதுக்குள்ள நீங்க என் தோளைப் பாருங்க" என்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிலுவை போல நின்றார்.

நான் இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

அக்காவும் தங்கையும் காபியைச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள். வாசலில் என் மனைவி நின்று திரும்பினாள்.

"என்னங்க, ஷேர் வேனைப் போல ஒரு கண்டுபிடிப்பு இல்லைன்னு நீங்க சொன்னது எவ்வளவு சரி! அடுத்த வருஷமும் நாலு பேரும் இதே வேனில் இதே ரூமுக்கு வரலாம்னு இருக்கோம். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவேன்."

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. வாய் நிறையப் பஞ்சும் இருந்தது.