கதவுக் குமிழில் குடியிருந்த பேய்

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில் பேய்கள் கூட்டமாக வந்து இறங்கின. விசா எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கதவுக் குமிழில், கார் கதவில், பைப்பில் குடியேறித் தொட்டவர்களையெல்லாம் சுளீரென்று அடித்தன. கோவையிலும் பொள்ளாச்சியிலும் வளர்ந்தவர்கள் இப்படி அடி வாங்கியதே இல்லை.

பேய் வந்த பிறகு பேயோட்டி வராமல் இருப்பாரா? வந்தார், மின்னல் சித்தர். பழைய பெயர் பாலசுப்ரமணியன். பழைய தொழில் என்ன என்று கேட்பது பாவம்.

சனிக்கிழமைதோறும் மத்தியானம் நாகமணி ஆன்ட்டியின் அப்பார்ட்மெண்டில் கூட்டம் நெரிந்தது. வாரம் முழுக்க அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பவர்கள், சனிக்கிழமை ஷூவோடு மூளையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

மேஜையில் பட்டுத்துணி, அதன் மேல் செப்புச் சொம்பு. கம்பளி சாக்ஸோடு கார்பெட்டில் காலைத் தேய்த்து நடந்துபோய்ச் சொம்பைத் தொட வேண்டும். சுளீர். "தோஷம் இருக்கு," என்பார் சித்தர். தட்டில் டாலர் விழும். பிறகு மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி, ஈரத் துண்டின் மேல் வெறுங்காலோடு நடந்து வந்து தொட வேண்டும். ஒன்றும் ஆகாது. "போயிடுச்சு," என்பார். கூட்டம் கண் கலங்கும்.

ஜலஜாவின் முறை வந்தது. அவள் விரலுக்கும் சொம்புக்கும் நடுவே நீலப் பொறி பறந்ததை எல்லாரும் பார்த்தார்கள். சித்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது கால் கழுவிப் போறதில்ல. இந்தப் பொண்ணு கை பட்டா புருஷனுக்கு ஆகாது. ஊருக்கு அனுப்பிடறது நல்லது."

அன்றிலிருந்து அவள் புருஷன் சபரி சோபாவில் படுத்தான். அவள் நீட்டிய காபியை டேபிளில் வைக்கச் சொன்னான். திங்கட்கிழமை டிராவல் ஏஜெண்டுக்கு போன் பண்ணினான்.

"ஏனுங்க, இது பேயே இல்லீங்க. கார்பெட்ல நடக்கறதால வர்றது."

"உனக்கு என்ன தெரியும் ஜலா? சும்மா இரு."

அவளுக்கு என்ன தெரியும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. பொள்ளாச்சி மின்வாரியத்தில் அவள் இளநிலைப் பொறியாளர். அவள் சொல்லாமல் லைன்மேன் கம்பத்தில் கால் வைக்க மாட்டான். இங்கே அவளுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. அதனால் படிப்பும் கணக்கில் இல்லை.

அந்த வாரம் வீடு முழுக்க அவள் தொட்டுப் பார்த்தாள். மரக்கதவு அடிக்கவில்லை, அதன் பித்தளைக் குமிழ் அடித்தது. பிளாஸ்டிக் வாளி சாது. தண்ணீர்க் குழாய் துஷ்டன். வெந்நீரில் குளித்த பிறகு பாத்ரூமில் எதைத் தொட்டாலும் அமைதி. மரத்தையும் பித்தளையையும் பிரித்தறியத் தெரிந்த பேய். வாரியத்தில் புதிதாகச் சேர்ந்த சிலருக்கே அது தெரியாது.

அடுத்த சனிக்கிழமை, பெட்டி கட்டும் பெண்ணுக்குக் கடைசி ஆசீர்வாதம் வாங்கித்தர சபரி அழைத்துவந்தான்.

"சாமி, ஒரு தடவை நீங்க சாக்ஸ் போட்டு நடந்து தொடுங்களேன்," என்றாள் ஜலஜா.

"சித்தர்களைப் பேய் அண்டாது தாயே."

"அப்ப பயமில்லையே."

மாட்டிவிட்டது எதிரியல்ல, பக்தை. "செஞ்சு காட்டிடுங்க சாமி, அவ வாய் அடங்கட்டும்," என்றார் நாகமணி ஆன்ட்டி.

வேறு வழியில்லை. சித்தர் சுடுமணலில் போவதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"தேய்ச்சு நடங்க சாமி. எங்களை அப்படித்தான நடக்கச் சொன்னீங்க."

தேய்த்து நடந்தார். தொட்டார். சுளீர். "ஐயோ அம்மா," என்று கையை உதறினார். ஈரேழு உலகத்தையும் அடக்கியவர் கூப்பிட்டது அம்மாவைத்தான்.

ஜலஜா பட்டுத்துணியின் ஓரத்தைத் தூக்கினாள். சொம்பின் அடியிலிருந்து ஒரு செப்புக் கம்பி இறங்கி, சுவரோரம் இருந்த ஹீட்டர் குழாயில் சுற்றியிருந்தது.

"இது எர்த் கம்பி. கம்பளியும் கார்பெட்டும் தேய்ஞ்சா உடம்புல கரண்ட் சேருது. கம்பளி, மரம், பிளாஸ்டிக் வழியா அது ஓடாது. செம்பு, பித்தளை கிடைச்சா ஒரே தாவா தாவும். வெறுங்கால், ஈரத் துண்டுன்னா வழியிலேயே இறங்கிடும். அதான் பரிகாரம்."

"அப்ப பேய்?" என்று ஒருவர் இழுத்தார்.

"குளிர்ல காத்து காய்ஞ்சு கிடக்குது, அதான் இந்த அடி. குளிர் போனா போயிடும். அவசரம்னா அடுப்புல தண்ணி கொதிக்க வையுங்க, காத்துல ஈரம் ஏறும்."

சித்தருக்குப் பக்கத்து ஊரான எடிசனில் அவசர வேலை ஞாபகம் வந்தது. ஆனால் நாகமணி ஆன்ட்டி வாசலை மறித்து நின்றார். தட்டில் விழுந்ததெல்லாம் திரும்பி வந்த பிறகே வழி விட்டார்.

காரில் ஏறியதும் சபரி ஹீட்டரைப் போட்டான். "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்," என்றான்.

"பண்ணுங்க. சோபாவுல மட்டும் இன்னும் ஒரு வாரம் படுங்க. அது என் பரிகாரம்."

மார்ச் மாதம் நாகமணி ஆன்ட்டி போன் செய்தார். "ஜலஜா, புதுசா ஒரு சாமி வந்திருக்காராம். தண்ணியைத் தொட்டே கிரீன் கார்டு எப்ப வரும்னு சொல்றாராம். நாலு பேர் கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. நீ வந்து டெஸ்ட் பண்றியா?"

"வரேன் ஆன்ட்டி. ஆனா நீங்க கும்பிடறதுக்கு முன்னாடி."

அந்த வரிசைதான் விஷயம். முதலில் சோதித்துப் பாருங்கள், அப்புறம் தாராளமாகக் கும்பிடலாம். பெரும்பாலும் இரண்டாவதற்கு வேலையே வராது.