நான் மொழிபெயர்த்த ‘லேகிங்’

அகராதியில் முதல் அர்த்தத்தைப் படித்ததுமே புத்தகத்தை மூடிவிடும் ஆள் நான். அதனால் ஒரு மனிதரின் வேலையே போயிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், பி.ஏ. ஆங்கிலம் முடித்த கையோடு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கடிதங்களை முதலாளிக்குத் தமிழில் சொல்வதுதான் வேலை. (பட்டறையிலேயே டை கட்டிய ஒரே ஆள். அந்த வெக்கையில்!)

பட்டறையைப் பார்த்துவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர், ‘பாய்லர் பகுதியில் லேகிங் மிக மோசம். அடுத்த முறை நான் வருவதற்குள் சரிசெய்தால்தான் ஆர்டர்’ என்று எழுதியிருந்தார். அகராதியைப் புரட்டினேன். லேக் என்றால் பின்தங்குதல்.

“பாய்லர் செக்‌ஷன் ரொம்பப் பின்தங்கிக் கெடக்குதுங்களாம்” என்றேன்.

முதலாளிக்கு நம்ப முடியவில்லை. “அங்க காதர் பாய் ஒருத்தர்தான தம்பி? எல்லாருக்கும் முன்னால வந்தர்றாரே!”

“வயசாயிருச்சுங்க. ஆளை மாத்துனாச் சரியாப் போயிருமுங்க.” (இந்த யோசனையை யாரும் என்னிடம் கேட்கவில்லை.)

ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் முதலாளி ஆளை மாற்றிவிட்டார். காதர் பாய் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வெள்ளைக்காரர் வந்தார். நேராக பாய்லர் பக்கம் போய், நீராவிக் குழாயைக் காட்டி, “லேகிங்?” என்றார். நான் புது ஆளை முன்னால் தள்ளி, “நியூ மேன், சார்! வெரி ஃபாஸ்ட்!” என்றேன்.

அவர் புது ஆளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பனியன் துணியை எடுத்து என் கையில் முழங்கை வரை சுற்றிவிட்டு, மறுபடியும் குழாயைக் காட்டினார்.

எனக்கு முன்பே முதலாளிக்குப் புரிந்துவிட்டது. “ஏந் தம்பி, கொழாய்க்கு உறை போடறதுக்குப் பேருங்களா பின்தங்கறது?”

அகராதியை மறுபடி எடுத்தேன். இன்னோர் அர்த்தம், சூடு வெளியேறாமல் குழாயைச் சுற்றிப் பொதிதல். அதற்கும் கீழே, பழைய ஜெயில் கைதி. அன்றைக்கு எனக்குப் பொருத்தம் அதுதான்.

பாயைத் திரும்பக் கூப்பிட அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக வாசலிலேயே நின்றேன்.

“உள்ள வாங்க தம்பி” என்றவர், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். இரண்டு கைகளிலும் சூடு பட்ட தழும்புகள். சில இன்னும் ஆறவில்லை. “கொழாய் பட்டுப் பட்டு இப்படி ஆயிருச்சு. உறை போடச் சொல்லி அந்த வெள்ளக்காரர்கிட்டச் சாடையில சொன்னதே நாந்தானுங்க.”

அந்த வாரமே குழாய்க்கு உறை வந்தது. பாயும் வேலைக்கு வந்தார். நான்தான் பாய்லர் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது தாமதமாக வந்தால், “லேகிங்!” என்று கத்தி, கையில் துண்டைச் சுற்றிவிடுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். பாயின் கைகளைப் பற்றி மட்டும் அவர்களிடம் நான் சொன்னதே இல்லை.