பெண் பார்க்க வந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

பெண் பார்க்க ஆள் வரும்போது பெண்ணை அடக்க ஒடுக்கமாக உட்கார வைப்பார்கள். சுத்தத் தப்பு. அடக்கி உட்கார வைக்க வேண்டியது பெண்ணைப் பெற்ற அப்பாவை. என் அப்பா அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், வீடு தேடி வந்த ஒரு பெரிய மனிதரை நல்ல நேரத்தில் நான் சாகடித்திருக்க மாட்டேன்.

(சாகடித்தது டிவியில்தான். போலீஸெல்லாம் வரவில்லை. அம்மா போட்ட கூச்சலுக்கு வாட்ச்மேன் மட்டும் வந்தார்.)

அப்போது நாங்கள் வானகரத்தில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா வேலை மாற்றலில் வந்தவர், அப்படியே இங்கேயே தங்கிவிட்டார். நான் அம்பத்தூரில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கீழ்த் தளத்தில் போல்ட், நட் செய்கிற பட்டறை. மேல் தளத்தில் நாங்கள். நாள் முழுக்கக் காது கிழியும். சரி, வீணாகப் போவானேன் என்று அந்தச் சத்தத்தையே எங்கள் விண்கலத்தின் சத்தமாகப் பதிவு செய்துகொண்டோம்.

ஆமாம், விண்கலம். பூமியிலிருந்து வெகுதூரத்தில் ஒரு கலம். அதற்குள் என்னவோ ஒரு ஜந்து புகுந்து ஆட்களை ஒவ்வொருவராக முடித்துக்கொண்டிருக்கிறது. விளையாடுகிறவர் அந்தக் கலத்தில் வேலை செய்கிற ஒருவர். சமையல்காரரா, மருத்துவரா, மெக்கானிக்கா என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குறைந்துகொண்டே வருகிற காற்றையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு உயிர் பிழைத்து வெளியே வர வேண்டும். இதற்குத் தமிழில் கதை வசனம் எழுதுவது என் வேலை. கலத்தின் கம்ப்யூட்டர் பேசுகிற குரலும் என்னுடையதுதான்.

விளையாடுகிறவர் செத்துப்போனால் திரையில் என்ன காட்டுவது என்று ஒரு நாள் மீட்டிங். 'கேம் ஓவர்' என்று போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "நம்ம ஊர் ஆளுக்கு கேம் ஓவர்னா உறைக்குமா? தெருமுனையில தெரிஞ்சவங்க மூஞ்சி போட்டு ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் பார்த்தா எப்படி திக்குனு இருக்கு? அதப் போடுங்க" என்றேன். ஒரே கைதட்டல். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்டம் தொடங்கும்போது, அடையாள அட்டைக்கு என்று சொல்லி, லேப்டாப் கேமரா விளையாடுகிறவரை ஒரு படம் பிடிக்கும். செத்ததும் அதே படம் கறுப்பு வெள்ளையில் வரும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியும், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே பெயர். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

பிரகாஷ் அந்தப் போல்ட் பட்டறையில் சூப்பர்வைசர். ஒரு நாள் நான் மைக் முன்னால் நின்று கேமுக்காக அலறிக்கொண்டிருந்தபோது, யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகாமல், "இன்னொரு தபா கத்துங்க, கேக்கலாம்" என்று நின்றார். அப்படிப்பட்ட ஆளை எப்படி விடுவது? பழகினோம், இரண்டு வீட்டிலும் சொன்னோம். என் வீட்டில் ஒரு மாதிரி இறங்கி வந்தார்கள்.

சிக்கல் அவருடைய அப்பா. ஏகாம்பரம் என்று பெயர். நசரத்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். வயலெல்லாம் மனைகளான பிறகு தண்ணி லாரி ஓட்டுகிறார்கள். "வெளையாட்டு செய்றதுலாம் ஒரு வேலையா? கண்ணாலத்துக்கு அப்பால அத்த உட்டுட சொல்லு" என்று அவர் சொல்லியனுப்ப, என் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி சரி என்று தலையாட்டிவிட்டாள். எனக்கு இரண்டும் வேண்டும். பிரகாஷும் வேண்டும், அந்தப் பட்டறைச் சத்தத்துக்கு மேலே இருக்கிற என் நாற்காலியும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் என்று வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பிரகாஷிடமே கேட்டேன்.

பிரகாஷ், "நைனா நேர்ல வந்து உன்ன பாக்கட்டும். அப்பால அவருகிட்ட பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். பிரகாஷ், அவருடைய அப்பா, அம்மா வசந்தா. கேசரி, பஜ்ஜி, காபி. நான் பட்டுப்புடவையில் நெளிந்துகொண்டிருந்தேன். வசந்தா அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெண் பார்க்கிற எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பாட்டு பாடுவியாம்மா?"

"வராதுங்க அத்தை" என்றேன். அதோடு போயிருக்கும்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டு வராதே தவிர, நல்ல குரலு சம்பந்தி! அந்த கேம்ல பேசுதது பூரா இவ கொரலுதான்!" என்றார்.

ஏகாம்பரம் மாமா கேசரி உருண்டையை வாயில் போட்டபடி என்னைப் பார்த்தார். "அப்டியா? இன்னா கேமு அது? காட்டேன், பாப்போம்."

எனக்குள் ஒரு பேய் புகுந்தது. இதுதான் சமயம், என் வேலையை இவர் கண்ணாலே பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். (ஆட்கள் கதறக் கதறச் சாகிற ஒரு கேமைப் பார்த்து மனசு மாறும் என்று எந்தக் கிறுக்கி நினைப்பாள்? இதோ, நான்தான்.) லேப்டாப்பை எடுத்து வந்து டிவியோடு வயரை மாட்டினேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன்.

"ஏட்டி, நல்ல நேரத்துல வெளக்க அணைக்காத!" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"இருட்டுலதான்ம்மா நல்லாருக்கும்" என்று அணைத்துவிட்டேன்.

கன்ட்ரோலரை மாமா கையில் கொடுத்தேன். டிவி வெளிச்சத்தில் லேப்டாப் கேமரா மினுக்கென்று அவரைப் படம் பிடித்தது. ஒரு கன்னம் முழுக்கக் கேசரி. பிறகு பெயர் கேட்டது. சும்மா 'ஏகாம்பரம்' என்று அடித்தால் மரியாதையாக இருக்குமா? 'திரு. ஏகாம்பரம்' என்று அடித்தேன். வருங்கால மாமனார் இல்லையா.

ஆட்டம் ஆரம்பித்தது. சொல்லக் கூடாது, மாமாவுக்குச் சுத்தமாக விளையாட வரவில்லை. சுவரில் முட்டுகிறார், திரும்பி வந்து அதே சுவரில் முட்டுகிறார். பூட்டிய ஒவ்வொரு கதவு முன்னாலும் நின்று, "யாருமா உள்ள?" என்று நிஜமாகவே குரல் கொடுக்கிறார். வசந்தா அத்தை பின்னாலிருந்து, "ரைட்ல போங்க, ரைட்டுன்னா ரைட்டு! லாரியில மட்டும் ஒழுங்கா போறீங்க" என்று அதட்டுகிறார். என் அப்பா உற்சாகத்தில் பஜ்ஜித் தட்டோடு டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். "ஆளே இல்லாத ஊடு மாதிரி கீதே" என்று மாமா சொன்ன அழகில் எனக்கு நம்பிக்கை கொப்பளித்தது. ஆள் ரசிக்கிறார், வேலை பிழைத்தது என்று பிரகாஷைப் பார்த்துக் கண்ணடிக்கக்கூடச் செய்தேன்.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. கலத்தில் மீரா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். காலில் அடிபட்டு நொண்டி நொண்டி ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் அந்த ஜந்து. விளையாடுகிறவர் இந்தப் பக்கம் கதவருகே நிற்கிறார். பொத்தானை அழுத்தினால் கதவு மூடிக்கொள்ளும், நாம் தப்பிக்கலாம். அவள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வாள். பாவம்தான், ஆனால் உயிர் பிழைக்க அதுதான் வழி. எங்கள் ஆபீஸில் விளையாடிப் பார்த்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு கதவை மூடியவர்கள். நானும்தான்.

மாமா மூடவில்லை.

"மாமா, முக்கோணம் போட்ட பொத்தானை அமுக்குங்க" என்றேன்.

"இரும்மா, பொம்பள புள்ள வருது."

"அது வராது மாமா, மூடுங்க! பின்னாடி வருது பாருங்க!"

"நைனா, அது பொம்ம நைனா!" என்று பிரகாஷ் கத்தினார்.

"பொம்மையோ இன்னாவோ, நொண்டிகினு வருது பார்றா. மூஞ்சில எப்டிடா கதவ சாத்துறது? வாம்மா, வா வா, வந்துடு!" என்று மாமா டிவியைப் பார்த்துக் கையை நீட்டினார். மீரா அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். ஜந்து அவர்மேல் பாய்ந்தது.

திரை இருண்டது. பிறகு எங்கள் வீட்டு ஹாலில், பெரிய டிவி முழுக்க, இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே, கறுப்பு வெள்ளையில், கன்னம் உப்பிய சிரிப்போடு அவர் தோன்றினார். கண்ணீர் அஞ்சலி. திரு. ஏகாம்பரம். அந்தத் 'திரு' வேறு.

அதற்கு மேல், தேன் ஒழுக என் குரல்: "நம்மில் ஒருவர் இறந்துவிட்டார். உடலை உடனே அகற்றவும்."

வசந்தா அத்தை "ஐயோ!" என்று தாலியைப் பிடித்துக்கொண்டார். அம்மா போட்ட கூச்சலைத்தான் முதலிலேயே சொன்னேன். பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் நிற்கும். கன்ட்ரோலரோ மாமா கையிலிருந்து நழுவி சோபாவுக்கு அடியில் போயிருந்தது. அப்பா பதற்றத்தில் செட்டாப் பாக்ஸை அணைத்தார், ஒன்றும் ஆகவில்லை. நான் வயரைப் பிடுங்கினேன். டிவி போயிற்று, ஆனால் லேப்டாப் தன் சொந்த ஸ்பீக்கரில் "உடலை உடனே அகற்றவும்" என்று தொடர்ந்தது. பட்டுப்புடவையோடு தரையில் குப்புறப் படுத்து சோபாவுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கோலத்திலும் பார்த்தார்கள்.

ஒரு வழியாகச் சத்தம் நின்றது. அம்மா விளக்கைப் போட்டுவிட்டு, உப்பையும் மிளகாயையும் கையில் அள்ளிக்கொண்டு வந்து, மாமா வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவரைச் சுற்றித் திருஷ்டி கழித்தாள். நான் எழுந்து நின்றேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. பிரகாஷ் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

ஏகாம்பரம் மாமா அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் செத்துப் பூட்டேன். செரி. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?"

"யாரு மாமா?"

"அதான், நொண்டிகினு வந்துச்சே."

"தெரியல மாமா. அதுக்கு மேல நான் எழுதல" என்றேன்.

"எழுதலியா? ஏன்?"

"இதுவரைக்கும் அங்க யாருமே நின்னதில்ல மாமா. எல்லாரும் கதவ மூடிட்டுப் போயிடுவாங்க. நின்னா செத்துடுவோம், செத்தா கதை முடிஞ்சிடும்."

"அதெப்டி முடியும்? ஒருத்தன் உசுர குட்து ஒரு புள்ளய காப்பாத்திகிறான். அது பொழச்சுதா, ஊடு போயி சேந்துச்சா, ஒண்ணும் சொல்லாம என் மூஞ்சிய போட்டு வெளக்கு ஏத்துனா இன்னாம்மா அர்த்தம்?" நிஜமான கோபம் அவர் குரலில். செத்ததற்காக இல்லை. மீராவுக்காக.

சட்டென்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பொம்மைப் பெண்ணுக்கே கதவைச் சாத்த மனசு வராத ஆள் இவர். இந்த வீட்டுக்கு நான் போக வேண்டும், எப்படியாவது போக வேண்டும் என்று அந்த நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது.

"எழுதிடறேன் மாமா. நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா எழுதறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் ஆபீஸ் என்று சொல்லிவிட்டோமே என்று உறைத்தது. அம்மா அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவா சம்பந்தி. நாங்க சொல்லிட்டோம்."

"எத்த உடறது?" என்றார் மாமா. "அந்தப் பொண்ணு நட்டாத்துல நின்னுகினு கீது. இது வேலைக்கு போலன்னா அத்த யாரு கரையேத்துறது? நீ போம்மா. கண்ணாலத்துக்கு முன்னால போ, அப்பால போ, எத்தினி நாளாவுதோ போ." பிறகு வசந்தா அத்தையிடம், "இன்னா பாத்துகினு கீற? பூவ வெச்சி உடு" என்றார்.

அத்தை ஒரு கையால் தாலியைப் பிடித்தபடியே மறு கையால் எனக்குப் பூ வைத்துவிட்டார். வாசலில் நின்றிருந்த வாட்ச்மேனுக்கும் அப்பா ஒரு தட்டு கேசரி கொடுத்தார்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து மீராவுக்கு ஒரு வழி செய்தேன். இப்போது அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு செத்தால், கண்ணீர் அஞ்சலிக்குப் பிறகும் கதை போகும். அவள் பிழைத்துத் தன் ஊர் போய்ச் சேர்வாள். கேம் வெளியான பிறகு அந்த முடிவைப் பார்த்து அழுதேன் என்று பலர் எழுதினார்கள். மாமாதான் குறை சொன்னார், "கண்ணாலம் காட்சின்னு ஒண்ணு வெச்சிருக்கலாம் அந்தப் பொண்ணுக்கு" என்று.

கல்யாணமாகி நான் நசரத்பேட்டைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில், மாமாவுக்குப் புதுப் போன் வந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் தான் ரொம்ப லட்சணமாக இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். அதை என்னிடம் கேட்டு வாங்கி, விளக்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றோடும் அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். அவருடைய பெரியப்பா மகன், சென்னீர்குப்பத்தில் இருப்பவர், பதறியடித்துக்கொண்டு ஒரு ரோஜா மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட்டைத் திறந்ததே மாமாதான். வந்தவருக்கு அங்கேயே மயக்கம் வராத குறை. அத்தை தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. நான் அன்று வீட்டில் இல்லை, ஆனாலும் வரி பிசகாமல் எனக்கு மனப்பாடம்.

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டாராம், "எந்தப் பாவிடா உனுக்கு இப்டி ஒரு போஸ்டர் அட்ச்சது?"

மாமா மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு சொன்னாராம்: "என் மருமவப்பா. அதுக்கு வேலையே இதான். ஆபீஸ் போயிகிது, சாங்காலம் வந்துடும். இருந்து பாத்துட்டுப் போ, உனுக்கும் ஒண்ணு போட்டுத் தரும்."