வலைப்பின்னல் வீரர் மறுதேர்வுக்குப் போன படலம்

"இதெல்லாம் ஒரு பரீட்சையா? நாங்க எழுதினப்போ பாதிப் பேரு கண்ணைத் துடைச்சிக்கிட்டுத்தான் வெளிய வந்தான். இப்ப போற வர்றவங்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் குடுக்கிறான்."

"அப்படிங்களா? அடுத்த வருஷம் உங்க சர்டிபிகேட்டும் காலாவதி ஆகுதில்ல, அப்ப நீங்களும் போய் வாங்கிட்டு வாங்க."

ஆறாண்டு இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பிய மனைவி, கணினி வலைப்பின்னல் சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெற்ற செய்தியைச் சொன்ன மாலையில், தட்டு துடைத்துக்கொண்டே கணவர் உதிர்த்த திருவாக்கும் அதற்கு வந்த மறுமொழியும் இவையே. பெரும்போர் மூள இது போதாதா?

வாழ்க எம் தலைவர்! ஏழு மாடிக் கட்டடத்தின் இணைய நரம்புகளை இரு விரல்களால் ஆள்பவர்; ரவுட்டரின் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்ட மறந்தாலும் புருவம் நெரிப்பவர்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே தேர்வில் முதல் முயற்சியிலேயே வாகை சூடியவர்; அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் மறவாதவர்!

பயிலரங்குகளின் பின்வரிசையில் அமர்ந்தே இதுவரை அவர் புதுப்பித்து வந்த சான்றிதழுக்கு, இனித் தேர்வெழுதினால்தான் ஆயுள் என்று மறு ஆண்டு ஓலை வந்தது. சான்றிதழ் இல்லாதவர் புதிய கட்டடத்தின் வேலைக்குத் தலைமை ஏற்க இயலாது என்று மேலாளர் முழங்கினார். காலாவதிக்கு மூன்று மாதம் இருந்தது. மனைவி தேர்வுக்குப் படித்த பச்சை அட்டை நோட்டு, அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் நம் வீரரின் தொண்டைவரை ஒரு விண்ணப்பம் ஏறிவரும்; மானம் என்னும் மதயானை குறுக்கே நின்று அதை மிதித்துத் திருப்பி அனுப்பும். அவரோ தம் பழைய நோட்டையே தூசு தட்டினார். தேர்வு என்பது ஆண்டுக்காண்டு இளைத்து வரும் பிராணி. கிழட்டுப் புலிக்குப் புது ஈட்டி எதற்கு?

களம் புகும் நாள் வந்தது. தேர்வு மையத்தின் வாயிலைக் காக்கும் பெண்மணி, கருணையே இல்லாத குரலில் ஆணையிட்டார்.

"வாட்ச், பர்ஸ், போன் எல்லாம் லாக்கர்ல வைங்க சார். கண்ணாடியைக் கழட்டிக் காட்டுங்க. சட்டைக் கைய மடிச்சி விடுங்க."

"கைக்குள்ள என்னம்மா இருக்கப் போகுது?"

"அது எனக்குத் தெரியாது சார். மடிங்க."

கவசம் களைந்த கர்ணனைப் போல் நின்றவருக்கு, அழித்தெழுதும் பலகை ஒன்றும் பேனா ஒன்றும் அருளப்பட்டன. நூறு கேள்விகள், நூற்றிருபது நிமிடங்கள், கடந்த கேள்விக்குத் திரும்ப வழியில்லை.

இங்கேதான் நம் வீரர் தம் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். ஒரு பெரிய வலையைச் சிறு வலைகளாகக் கூறுபோடும் முகவரிக் கணக்கின் அட்டவணை அது! அந்நாளில் பாதித் தேர்வையே வீழ்த்திய படைக்கலம்! முதல் கேள்வியைத் தொடுமுன்பே, நிரை நிரையாக, கோடு கோணாமல், கோலமிடும் கைநேர்த்தியோடு, நாற்பது நிமிடம் செலவிட்டு அதைப் பலகை முழுக்க வரைந்து முடித்து, புன்முறுவலோடு நிமிர்ந்தார்.

அட்டவணை கேட்டு வந்த கேள்விகள் இரண்டு.

மற்றவை அவர் காணாத திசைகளிலிருந்து வந்தன. நூறு கருவிகளுக்கு ஒரே நொடியில் கட்டளை அனுப்பும் நிரலைக் காட்டி, "பிழை எந்த வரியில்?" என்றது திரை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கருவி கருவியாக நுழைந்து கைவலிக்கத் தட்டியவர் அவர். வரிகளை வெறித்தார், வரிகளும் அவரை வெறித்தன. புலி கிழடாகவில்லை; காட்டையே மாற்றிக்கொண்டு வேறொரு விலங்காய் நின்றது. அறுபத்தொன்றாம் கேள்வியில் கடிகாரம் அவர் தேரின் அச்சை முறித்தது.

தோல்வி என்று அச்சிட்டுப் பெண்மணி நீட்டிய தாளை நான்காக மடித்துப் பைக்குள் புதைத்து, பகைவர் நகைக்கும் வீதிகளின் வழியே (யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை) வீடு சேர்ந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"டீ போடட்டுமா?" என்றாள்.

சென்ற ஆண்டும் இதே நாற்காலியில், இதே துணிக்குவியலுக்கு நடுவே, மடியில் நோட்டை விரித்து அவள் முணுமுணுத்துப் படித்தது இப்போதுதான் அவர் நினைவில் எழுந்தது. அன்று, "கொஞ்சம் சத்தமில்லாம படியேன்" என்று சொன்னவர் அவர்தாம்.

காலாவதிக்கு இன்னும் ஒன்பது நாள். இன்னொரு முயற்சிக்கு இடமுண்டு. எண்டிசை யானைகளும் செவி மடக்க, காற்றும் கடலும் மூச்சடக்க, மானம் என்னும் மதயானை முழந்தாளிட்டு வழிவிட, மூன்று மாதம் தொண்டைச் சிறையில் கிடந்த விண்ணப்பத்தின் விலங்கை உடைத்து, அலமாரியிலிருந்து அந்தப் பச்சை நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்து, எம் தலைவர் திருவாய் மலர்ந்தருளினார்:

"எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்."